கண் மட்டத்துக்கு மேலே பதினெட்டு மீட்டர்

மெர்சிங், இக்கரை
3 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை வீரமுத்துவுக்கு,

இதை எழுதுவது நான்தான். ஐயாசாமி, உன் மச்சான். வேறு யாரும் எழுதித் தரவில்லை. முந்தாநாள் தொடங்கினேன். இந்த வரிக்கு வருவதற்குள் தேத்தண்ணி இரண்டு தடவை ஆறிவிட்டது.

இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே உன் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் உன் வாசலில் நடந்ததை நான் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் உன் மகள் ஷாமளா மரம் வெட்டுகிற ஆட்களைக் கூட்டி வந்தாள். நான் அந்த டுரியான் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் தங்கச்சி வைத்த மரம், அவள் போய் மூன்று வருஷம் முடியவில்லை, அதற்குள் வெட்டுவாயா என்று கேட்டேன். அதற்கு நீ, "மரம் எவ்ளோ உயரம், வீடு எவ்ளோ தூரம்னு ஒரு கணக்கு போடத் தெரியுமாடா ஒனக்கு? கைநாட்டு! நீ எதுக்கு நடுவுல பேசுற?" என்றாய். அந்த ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். செயின்சா வைத்திருந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

உன் வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பேச்சு அப்படியே இருக்கிறது.

ஆனால் மறு வாரமே மாதா கோவில் மண்டபத்தில் டொரத்தி டீச்சரின் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கிறார். வகுப்பில் நான்தான் வயதில் மூத்தவன். சத்தமாக வாசிப்பவனும் நான்தான். இப்போது பாசாருக்குப் போனால் ஒவ்வொரு கடைப் பலகையும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறது. இத்தனை நாளும் அவை வாயை மூடிக்கொண்டு இருந்தன.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். மரத்தடியிலிருந்து உன் அடுப்படிச் சுவர் வரைக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுது. பதிலை ரொட்டி பாயிடம் கொடுத்து விடு. அவர் ரொட்டி விற்கிற மோட்டார் சைக்கிள் இரண்டு கரைக்கும் வருகிறது.

ஐயாசாமி
(இது நானே போட்ட கையெழுத்து)

*

அக்கரை
6 ஆகஸ்ட்

மச்சானுக்கு,

ரொட்டி பாய் காயா ஜாம் ரொட்டியோடு ஒரு கடிதத்தையும் கொடுத்தார். "உங்க மச்சான் எழுதுனது" என்றார். சிரிப்பு வந்தது. இதை யார் எழுதிக் கொடுத்தது? டீச்சரா, உன் வீட்டு மருமகளா? நம் சின்ன வயதில் தோட்டத்தில் உனக்கு வந்த கடிதாசி எல்லாம் நான்தான் வாசித்துச் சொன்னேன். உன் கல்யாணப் பத்திரிகையையே நான்தான் உனக்கு வாசித்தேன். எழுபத்து மூன்று வயதில் உனக்கு எழுத்து வந்துவிட்டது என்று நான் நம்ப வேண்டுமா?

மரத்தைப் பற்றி நீ அழுவதற்கு ஒன்றும் இல்லை. ஆற்றுப் பக்கத்து வேர் எல்லாம் வெளியே தெரிகிறது. கரை மண்ணை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மழைக்காலத்தில் கடல் பக்கத்துக் காற்று ஆற்றின் மேல் வந்து நேராக மரத்தில் மோதும். பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் வேர் இல்லை. மரம் சாய்ந்தால் வீட்டுப் பக்கம்தான் சாயும். நான் தூங்குவது அடுப்படிக்கு அடுத்த அறையில். ஷாமளா ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் போன் போட்டு அழுகிறாள். தீபாவளி முடிந்ததும் ஆள் வருகிறது, அடியோடு வெட்டுகிறார்கள். பேச்சு முடிந்துவிட்டது.

அளவெல்லாம் எடுக்க எனக்கு நேரம் இல்லை.

வீரமுத்து

*

இக்கரை
12 ஆகஸ்ட்

மாப்பிள்ளை,

நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் டீச்சருக்கும் தெரியாத, என் மருமகளுக்கும் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

உனக்கும் லெட்சுமிக்கும் கல்யாணம் முடிந்து நான் முதல் தடவை உங்கள் வீட்டுக்கு வந்தேன். சைக்கிளில் ஒரு சாக்கு நிறைய டுரியான். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. உன் வீட்டுச் சரிவில் இறங்கியவன் நேராக ஆற்றில் போய் விழுந்தேன். பழம் எல்லாம் மிதந்து போனது. நீ சட்டையோடு குதித்தாய். என்னைத் தூக்க இல்லை, பழத்தைப் பிடிக்க. பெரிய பழம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரை ஏறினாய். உன் நெஞ்சு முழுக்க முள் குத்தின ரத்தப் புள்ளி. லெட்சுமி ஓடி வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"புருஷனா அண்ணனான்னு நான் பயந்து ஓடியாந்தா, ரெண்டு பேரும் பழத்த எண்ணிக்கிட்டு இருக்கீங்களே லா!"

அவள் அப்படிச் சொன்னாள். பிறகு நீ காப்பாற்றின அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையை ஆற்றங்கரையில் புதைத்தாள். அந்த மரம்தான் இது. இது மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தி இல்லை. எழுதியது நீ இல்லை என்றால் மிச்சம் யார்?

இப்போது அளவு ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். எங்கள் வகுப்புக்கு முந்தி அதே மண்டபத்தில் ஃபார்ம் த்ரீ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் நடக்கும். ஒரு நாள் கரும்பலகையை யாரும் துடைக்கவில்லை. அதில் ஒரு படம். ஓர் ஆறு. அக்கரையில் ஒரு மரம். இக்கரையில் ஒரு ஆள் நிமிர்ந்து பார்க்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "டீச்சர், என்னைய யாரு படம் போட்டது?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். "ஐயா, இது மரத்துல ஏறாம, ஆத்தத் தாண்டாம, மரத்தோட உயரத்தையும் ஆத்தோட அகலத்தையும் கண்டுபிடிக்கிற கணக்கு" என்றார்.

நான் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டின காலத்தில் மரம் வளர வளர வாங்குக் கத்தியின் கம்பும் நீளும். கம்பு எட்டினால் குலை, எட்டாவிட்டால் இல்லை. எனக்குத் தெரிந்த உயரம் அவ்வளவுதான். தொடாமலே ஒன்றை அளக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கரை ஓரத்தில் நின்று மர உச்சியைப் பார்க்க வேண்டும். தலையை எவ்வளவு நிமிர்த்தினோம் என்பதுதான் கோணம். பிறகு பின்னால் தள்ளிப் போய் மறுபடியும் பார்க்க வேண்டும். கோணம் குறைந்துவிடும். எவ்வளவு தள்ளினோம், எவ்வளவு குறைந்தது என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு டேன் என்கிற பட்டியலைப் பார்த்து வகுத்தால் விடை வந்துவிடும். வகுத்தல் எனக்கு இன்னும் முரண்டு பிடிக்கிறது. பிடிக்கட்டும், விட மாட்டேன்.

உன் மரம் உன் வீட்டை எட்டாத உயரம் என்றால், வெட்டத் தேவையில்லை அல்லவா? உன் வாசலை மிதிக்காமலே இதைக் கண்டுபிடித்துவிடுவேன். நீ தூரத்தை மட்டும் சொல்.

ஐயாசாமி

*

அக்கரை
17 ஆகஸ்ட்

மச்சான்,

நீதான். வேறு எவனும் இல்லை. ஆனால் நான் முதலில் உன்னைத்தான் தூக்கினேன். பழம் இரண்டாவது. அதைத் திருத்தி எழுது.

பாய் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ரொட்டிப் பெட்டியை மூடாமல் நின்றார். "படிங்க அங்கிள், என்னா சொல்றாரு?" என்றார். அவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆற்றில் விழுந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்புக்கு நாய் குரைத்தது.

பக்கத்து வீட்டுச் சீனத்தி உன்னைப் பற்றிக் கேட்டாள். தினமும் சாயங்காலம் உன் கரையில் நின்று ஐஸ் தண்ணி ஸ்ட்ராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாயாம். "அங்கிள், உங்க மச்சான் மண்டை ஓகேவா?" என்றாள். எப்போதும் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

மரத்திலிருந்து அடுப்படிச் சுவர் பத்தொன்பது மீட்டர். உன் கணக்குக்காக அளக்கவில்லை. டேப் சும்மா கிடந்தது.

வீரமுத்து

*

இக்கரை
31 ஆகஸ்ட், மெர்டேக்கா நாள்

அன்புள்ள மாப்பிள்ளை,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

கண்டுபிடித்துவிட்டேன்!

இன்று சுதந்திர நாள், ஊரெல்லாம் கொடி. பிள்ளைகள் கொடியை அசைத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் சேர்த்துத்தான் அசைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

பிளாஸ்டிக் கோணமானியில் ஸ்ட்ராவை ஒட்டினேன். நடுவில் நூல் கட்டி, நூல் முனையில் தூண்டிலுக்குப் போடுகிற ஈயக்குண்டைத் தொங்கவிட்டேன். ஸ்ட்ரா வழியாக உன் மர உச்சியைப் பார்த்தால், நூல் தொண்ணூறிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் கோணம். கரை ஓரத்தில் நின்று பார்த்தேன், இருபத்திரண்டு டிகிரி. வேலி முட்டும் வரைக்கும் பின்னால் போனேன். அது இருபத்தெட்டு மீட்டர். அங்கிருந்து பதினான்கு டிகிரி. காற்று நின்ற நேரமாகப் பார்த்து மறுபடி மறுபடி பார்த்தேன். அதே எண்கள்தான்.

பிறகு வகுத்தேன். தாள் கிழியும்வரை அழித்து அழித்து வகுத்தேன். ஆறு நாற்பத்தைந்து மீட்டர் அகலம். மரம் பதினெட்டு மீட்டரும் ஒரு சாணும். டீச்சர் என் வகுத்தலைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு ஐயா" என்று சிவப்பு மையில் ஒரு சரி போட்டார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சரி போட்டதில்லை. அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மரம் பதினெட்டு, உன் வீடு பத்தொன்பது! விழுந்தாலும் உன் அடுப்படியைத் தொடாது. வாசலில் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஷாமளாவிடம் சொல். செயின்சா வேண்டாம் என்று சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை, மாப்பிள்ளை. நான் சின்ன வயதில் இதைவிட நீளமாகக் கம்பு தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன் போல இருக்கிறது. பாலம் சுற்றி வருவதால்தான் நீ தூரத்தில் இருப்பதாகப் படுகிறது.

உன் மச்சான்
ஐயாசாமி

*

அக்கரை
4 செப்டம்பர்

மச்சான்,

உன் கடிதத்தைப் பாசார் போகிற வழியில் நின்றே வாசித்தேன். ஷாமளாவுக்குப் போன் போடக் கைப்பேசியை எடுத்தும்விட்டேன். மரம் நிற்கட்டும் என்று சொல்லப் போனேன். அப்போதுதான் ஒன்று தட்டியது. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

உனக்குக் கண் எங்கே இருக்கிறது? உள்ளங்காலிலா?

நீ நின்றுகொண்டு பார்த்தாய். ஸ்ட்ரா உன் கண்ணில் இருந்தது. அப்படியானால் பதினெட்டு மீட்டர் என்பது உன் கண் மட்டத்துக்கு மேலே உள்ள மரம். அதற்குக் கீழே உள்ள மரத்தை யார் கணக்கில் சேர்ப்பது? நீ உன்னைச் சேர்க்கவே இல்லை, மடையா.

நான் பென்ஷன் வாங்குகிற வரைக்கும் நில அளவைக்காரர்களோடு கோல் பிடித்து நடந்தவன். கணக்கெல்லாம் அவர்கள் போட்டார்கள், நான் கோலைப் பிடித்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கருவியை முக்காலியில் ஏற்றின உடனே சார் முதலில் கேட்பது, "வீரா, கருவி உயரம் என்ன?" அதை எழுதின பிறகுதான் மற்றது. மூங்கில் காட்டில் அட்டை கடிக்கக் கடிக்க அதை நான் அளந்து சொல்லியிருக்கிறேன். அது எனக்கு மறக்காது.

உன் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். நீ குள்ளன். கூட்டிப் பார். பத்தொன்பதைத் தாண்டுகிறது. மரம் அடுப்படியின் மேல் விழும்.

அக்டோபர் இருபத்தைந்து, சனிக்கிழமை, ஆள் வருவதாக ஷாமளா சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீரமுத்து

*

இக்கரை
15 செப்டம்பர்

மாப்பிள்ளை,

இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. நீ எழுதினது சரி. டீச்சர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலாமாக் ஐயா, நானும் கவனிக்கலையே. கரும்பலகையில இருக்கிற ஆளுக்கு உயரமே கிடையாது. அதான்" என்றார்.

தங்கச்சி மரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று குதித்தேன். கணக்கே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. சரி போட்ட தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனால் நேற்று ஒன்று தோன்றியது. என் கரையும் உன் கரையும் ஒரே மட்டமா? வெள்ளம் முதலில் என் பக்கம் ஏறுமா, உன் பக்கம் ஏறுமா என்று நாம் வருஷா வருஷம் சண்டை போட்டதுதானே? என் கரை தாழ்வாக இருந்தால், என் கண் மட்டம் உன் மரத்தின் முழங்காலில்தான் போய்ப் படும். அப்போது கூட்ட வேண்டியது ஒரு முழம்தான். மரம் தப்பித்துவிடும். மேடாக இருந்தால், முடிந்தது.

அதை இக்கரையில் இருந்து நான் ஒருத்தன் பார்க்க முடியாது. மரத்தடியில் ஒரு ஆள் நிற்க வேண்டும். நான் நூல் சரியாகத் தொண்ணூறில் நிற்கும்படி நேராகப் பார்ப்பேன். அந்த ஆள் மரத்தில் ஒரு சிவப்புத் துணியை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். துணி என் ஸ்ட்ராவுக்குள் வந்ததும் கையை விரித்துக் காட்டுவேன். அந்த இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து மரத்தடி வரை அளக்க வேண்டும்.

கோல் பிடிக்கத் தெரிந்த ஆள் எனக்கு ஒருத்தன்தான் தெரியும். அவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, காலையில் வெயில் ஏறும் முன்னால். வருவாயா?

ஐயாசாமி

*

அக்கரை
19 செப்டம்பர்

மச்சான்,

கோல் பிடிப்பது வேலை. வேலைக்குப் பேச்சு வேண்டாம். நிற்கிறேன்.

எனக்கு வலது கண்ணில் புரை. நீ கையை விரித்தால் தெரியாது. உன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆட்டு.

வகுப்புக்குப் போ. டீச்சர் மேல் என்ன குற்றம்?

வீரமுத்து

*

இக்கரை
29 செப்டம்பர்

மாப்பிள்ளை,

நேற்றுக் காலையில் நீ அந்தச் சிவப்புத் துண்டோடு மரத்தடிக்கு வந்து நின்றபோது, எனக்கு முதலில் ஸ்ட்ரா வழியாக எதுவுமே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன். ஏழு மாதத்தில் இளைத்துவிட்டாய். அங்கே சமைக்கிறாயா, ரொட்டி பாயை வைத்தே காலத்தை ஓட்டுகிறாயா?

நீ நின்ற நிலை அப்படியே அந்தக் காலத்து நிலைதான். ஒரு கையில் கோல் இருக்கிற மாதிரி நிமிர்ந்து, அசையாமல். "கீழ! இன்னும் கீழ!" என்று நான் கத்தினேன். நீ துண்டை மேலே கொண்டு போனாய். "கீழன்னா கீழ லா, காது எங்க போச்சு?" என்று கத்தினேன். "காத்து அங்கிட்டு அடிக்குது, நல்லாக் கத்து!" என்று நீ கத்தினாய். இந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரர்கள் தூண்டிலைப் போட்டுவிட்டு நம்மை வேடிக்கை பார்த்தார்கள். பிப்ரவரிக்குப் பிறகு நாம் பேசின முதல் பேச்சு இதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

துண்டு ஸ்ட்ராவுக்குள் வந்தது. சட்டையை ஆட்டினேன். நீ நிறுத்தினாய். அது உன் தலைக்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தது. முழங்கால் இல்லை. என் கரைதான் மேடு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் நீ ஏன் அளக்காமல் அப்படியே நின்றாய்? முகத்தை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாய். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. பிறகு வீட்டுக்குள் போய்விட்டாய். துண்டு மட்டும் மரத்திலேயே நின்றது. பிடிக்க ஆள் இல்லாமல் எப்படி நின்றது? அளவு என்ன? உடம்புக்கு ஏதாவது செய்ததா?

பாயை இன்றைக்கே அனுப்பு.

ஐயாசாமி

*

அக்கரை
2 அக்டோபர்

மச்சான்,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. துண்டு ஆணியில் நின்றது.

நீ சட்டையை ஆட்டினதும், துண்டைப் பிடித்திருந்த கைக்கு நாலு விரல் மேலே என்னவோ குத்தியது. தடவிப் பார்த்தேன். துணிக்கொடி கட்ட லெட்சுமி அடித்த ஆணி. மரம் அதைப் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது, தலை மட்டும் வெளியே நிற்கிறது. அந்த ஆணி இத்தனை வருஷத்தில் மரத்தோடு சேர்ந்து உச்சிக்குப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரம் நுனியில்தான் வளர்கிறது போலிருக்கிறது. ஆணி அவள் அடித்த இடத்திலேயே இருக்கிறது. அவள் கையை மேலே நீட்டினால் எட்டுகிற உயரம். "எனக்கு எட்டணும், உங்களுக்கு முட்டக்கூடாது, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்தாள். எனக்கு முட்டியதுதான். தினமும் முட்டியது. தினமும் சிரித்தாள்.

அதனால்தான் நின்றுவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

அளவு சொல்கிறேன். நீ காட்டின இடத்திலிருந்து மரத்தடி வரை ஒரு மீட்டர் எழுபது. உன் பதினெட்டோடு கூட்டினால் இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. அடுப்படி பத்தொன்பது. மரம் எட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் ஷாமளாவுக்குப் போன் போட்டேன். அவளிடம், "அம்மா மரத்த அடியோட வெட்ட வேணாம். மாமா கணக்குப் போட்டுட்டாரு. மேல ஒரு மீட்டர் எடுத்தா வீட்டத் தொடாது. ஆனா மாமாவோட ஸ்ட்ராவுல அர டிகிரி தப்புனா ஒண்ணு ரெண்டு மீட்டர் போயிரும். அதனால மூணு மீட்டர் எடுக்கச் சொல்லு. வேருக்குக் கல்லு கட்டிக்கலாம்" என்றேன். அவள் என்னை மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு, "மாமாவா? கணக்கா?" என்றாள்.

உன் தாளை அனுப்பு. செயின்சாக்காரனுக்குக் காட்ட வேண்டும். அதன் அடியில் கருவி உயரம் எழுதி நானும் ஒரு கையெழுத்துப் போடுகிறேன். உன் கையெழுத்துக்குக் கீழே.

இருபத்தைந்தாம் தேதி காலையில் நீ இங்கே இருக்க வேண்டும். என் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆற்றங்கரை என் வாசல் இல்லை, அது அரசாங்க நிலம். நான் சர்வேயில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

வீரமுத்து

*

இக்கரை
27 அக்டோபர்

அன்புள்ள மாப்பிள்ளை,

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஷாமளா காரில் பாலம் சுற்றிக் கொண்டுவந்து விட்டாள். தீபாவளி முறுக்கு ஒரு டின் கொடுத்தாள். கார் கதவைச் சாத்தும்போது, "மாமா, அந்த வகுப்புல இங்கிலீஷும் சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் அம்மா சிரிப்பு அப்படியே.

அரசாங்க நிலம் வரைக்கும்தான் வருவேன் என்று நினைத்து வந்தேன். செயின்சாக்காரன் மேலே ஏறினதும், கிளை விழும் தள்ளிப் போங்கள் என்று அவன் கத்தினதும், நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் அடுப்படியில் நிறுத்திவிட்டாய். இழுக்கப்பட்டு வந்தவன் மிதித்ததாக ஆகாது. இதை நீயும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆள் பிப்ரவரியில் சிரித்த அதே ஆள்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாரு அங்கிள் போட்டது, என்ஜினியரா?" என்று கேட்டான். நீ என்னைக் காட்டி, "மச்சான்" என்றாய். எனக்கு அது போதும்.

இன்று காலையில் கரையில் நின்று புது உச்சியைப் பார்த்தேன். பதினெட்டு டிகிரி. கண் மட்டத்தைக் கூட்டினேன். ஆணியையும் நினைத்துக்கொண்டேன். மரம் பதினாறு மீட்டர் சொச்சம். தலை மொட்டையாக, முடி வெட்டிக்கொண்டு வந்த பையன் மாதிரி வெட்கத்தோடு நிற்கிறது. வேலை முடிந்துவிட்டது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சிவப்புத் துண்டு இன்னும் ஆணியில் தொங்குகிறதே, எடுக்க மறந்துவிட்டாயா?

ஐயாசாமி

*

அக்கரை
2 நவம்பர்

மச்சான்,

மறக்கவில்லை.

சாயங்காலம் எடுக்கிறேன், காலையில் எழுந்து தேத்தண்ணி போட்டதும் மறுபடி மாட்டுகிறேன். மழைக்காலம் வருகிறது. பாலத்துப் பக்கம் தண்ணி ஏறினால் பாய் வர மாட்டார், கடிதமும் வராது. ஷாமளா தூரத்தில் இருக்கிறாள். இங்கே அறையில் நான் ஒருத்தன்.

நீ தினமும் காலையில் அந்தப் பாழாய்ப்போன ஸ்ட்ராவோடு கரைக்கு வருகிறாய். வந்தால் ஆணியைப் பார். துண்டு தொங்கினால் நான் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். தொங்காத நாளில் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டு நிற்காதே. பாலம் சுற்றி வா. வாசலை மிதித்துக்கொண்டே வா.

வீரமுத்து

*

இக்கரை
9 நவம்பர்

அன்புள்ள மாப்பிள்ளை,

பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். ஸ்ட்ரா தேவைப்படவில்லை, நாற்பத்தைந்து மீட்டர்தானே.

நேற்று விடிந்ததிலிருந்து கொட்டின மழையில் அக்கரையே தெரியவில்லை. குடையோடு போய் நின்றேன். உன் மரம் ஒரு கறுப்பு நிழலாக ஆடியது. துண்டைக் காணவில்லை. மருமகளைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னேன். அவள் சாவி தேடப் போனாள். அதற்குள் மழை ஒரு மூச்சு விட்டது. நனைந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டு, கறுத்துப்போன சிவப்பாக, துண்டு அங்கேயேதான் இருந்தது. அந்த மழையில் நீ எழுந்து வந்து மாட்டியிருக்கிறாய். நான் மருமகளிடம் சாவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினேன். உனக்குத் தெரிந்திருக்காது.

அப்போதுதான் யோசித்தேன். கணக்கில் நான் மறுபடியும் என்னைச் சேர்க்கவில்லை. நீ எழுந்தது எனக்குத் தெரிகிறது. நான் எழுந்தது உனக்கு எப்படித் தெரியும்?

என் பக்கத்து வேலிக் கம்பில் ஓர் ஆணி அடித்தேன். எனக்கு எட்டுகிற உயரத்தில். உன் புரைக் கண்ணுக்குத் துண்டு போதாது என்று, என் மஞ்சள் கைலியையே விரித்துக் கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சீனத்தி கேட்டால், மண்டை ஓகே என்று சொல்.

இன்று காலையில் மழை இல்லை. இரண்டு கரையிலும் இரண்டும் தொங்கின.

உன் மச்சான்
ஐயாசாமி